பெரிய சர்வரின் காப்புப் பிரதியைச் சிறிய கணினியில் மீட்டல்

நம் சங்கங்கள் பலவற்றில் பேரேடும் ரொக்கப் பதிவேடும் கணினிக்குள் சென்று விட்டன. பங்குத் தொகை, வைப்புத் தொகை, பயிர்க்கடன், நெசவாளருக்குக் கொடுத்த நூலின் எடை, திரும்பி வந்த துணியின் அளவு, அதற்குரிய கூலி ஆகிய யாவும் அலுவலகத்தின் மூலையில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் என்னும் கணினியில் அடங்கியிருக்கின்றன. அதற்குக் காப்புப் பிரதி உண்டா என்று மகாசபைக் கூட்டத்தில் கேட்கும் அங்கத்தினர் உண்டு. "உண்டு" என்று காரியதரிசி விடையளித்ததும் கேட்டவர் திருப்தியுடன் அமர்ந்து விடுகிறார். உண்மையில் அதற்கு அடுத்த கேள்விதான் முக்கியமானது. சர்வர் கெட்டுப்போனால் அந்தப் பிரதியை எந்தக் கணினியில் இறக்குவீர்கள்?

அதே மாதிரிக் கணினி கிடைக்கும் என்று எண்ணுவதற்கில்லை. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மாதிரி இன்று கடையில் இராது. புதிய சர்வர் வாங்க விலைப்புள்ளி பெற்று, நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, மேலிடத்தின் அனுமதியும் பெறுவதற்குள் வாரங்கள் கழிந்துவிடும். சம்பா விதைப்புக்குக் கடன் வேண்டி நிற்பவரும், வாரக் கூலிக்குக் காத்திருக்கும் நெசவாளரும் அத்தனை நாள் பொறுத்திருக்க இயலாது. ஆகவே அலுவலகத்தில் கடிதம் அச்சடிக்கும் சாதாரணக் கணினியையே எடுத்து வைத்து, அதில் கணக்கை உயிர்ப்பிக்க வேண்டிய நிலைமை வரும். அதன் ஹார்டு டிஸ்க் சிறியது. நினைவகமும் குறைவு. உறுப்புக்கள் வேறு நிறுவனத்தார் செய்தவை. இத்தகைய கணினியில் பெரிய சர்வரின் பிரதியை இறக்குவது எவ்வாறு, அதில் வரும் தடைகள் எவை என்பதை அங்கத்தினர் அறிந்திருந்தால்தான் கூட்டத்தில் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கும் வழக்கம் காரைக்காலுக்குப் புதிதன்று. 1739-இல் தஞ்சை அரசரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1776 ஜூன் மாதம் பதினாறாம் லூயி மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி குடியேற்ற நாடுகளின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளுக்கும், பத்திரப்பதிவு ஆவணங்களுக்கும், நீதிமன்ற ஆவணங்களுக்கும் ஒரு பிரதி எழுதப்பட்டு, வெர்சாய் நகரில் இதற்கென்றே அமைத்த காப்பகத்திற்கு அனுப்பப்பட வேண்டும். அந்தத் தொகுதி இப்போது தென் பிரான்சிலுள்ள எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில், கடல் கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. புயலும் வெள்ளமும் கரையானும் உள்ள ஊர்களின் ஏடுகளை அந்த ஊர்களிலேயே மட்டும் வைத்தல் ஆகாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையையும், 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயலையும் கண்ட நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் காகிதப் பிரதிக்கும் கணினிப் பிரதிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பெரிய ஏட்டில் உள்ளதைச் சிறிய ஏட்டில் எழுதினால் பக்கங்கள் கூடுமேயன்றி வேறு தொல்லை இல்லை. எந்தக் குமாஸ்தாவும் படித்துக்கொள்வார். சர்வரின் முழுப் பிரதியிலோ, கணக்கோடு கூட அந்தக் கணினியின் உடலமைப்பும் பதிந்து கிடக்கிறது. இதுவே எல்லாத் தொல்லைக்கும் மூலம்.

தறி அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓடிக்கொண்டிருக்கும் தறியிலிருந்து பாவை உருளையோடும், விழுதோடும், அச்சோடும் சேர்த்து அப்படியே கழற்றி எடுத்து வைப்பதாகக் கொள்வோம். அதே அகலமுள்ள தறி கிடைத்தால் பூட்டியவுடன் நெய்யத் தொடங்கலாம். இழை கோக்கும் வேலை இல்லை. ஆனால் அகலம் குறைந்த தறியில் அது ஏறாது. மாறாக, சிட்டா நூலையும் மாதிரித் தாளையும் மட்டும் வைத்திருந்தால், பாவு ஓட்டுவது முதல் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். நாள் பிடிக்கும். ஆயினும் அது எந்தத் தறிக்கும் பொருந்தும். கணினியிலும் இவ்விரு வகைப் பிரதிகளே உள்ளன. டிஸ்க்கில் உள்ளதை இயங்குதளம், மென்பொருள், அமைப்புக் குறிப்புக்கள், கணக்கு ஆகிய அனைத்தோடும் படம் பிடித்தாற்போல எடுப்பது முதல் வகை. கணினிக்காரர் இதனை 'இமேஜ்' என்பர். கணக்கு விவரங்களை மட்டும் மென்பொருளிலிருந்து பிரித்து எழுதி வைப்பது இரண்டாம் வகை. இதற்கு 'டம்ப்' என்று பெயர். முதலாவது இருந்தால் விரைவில் எழலாம். இரண்டாவது இருந்தால் எங்கும் எழலாம். ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலையிலுள்ள சங்கம் இரண்டாவதையே வைத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. ஆனால் இன்றைய விலையில் இரண்டையும் வைத்துக்கொள்ள எந்தச் சங்கத்தாலும் முடியும்.

டிஸ்க்கின் அளவிலிருந்து தொடங்குவோம். சர்வரில் ஒரு டெராபைட், அதாவது ஆயிரம் ஜிகாபைட் டிஸ்க் இருக்கிறது. அதில் நிரம்பியிருப்பது தொண்ணூறு ஜிகாபைட்தான். மாற்றுக் கணினியின் டிஸ்க் 256 ஜிகாபைட். தொண்ணூறு இருநூற்றைம்பத்தாறில் அடங்கும் என்றே எவரும் நினைப்பார். ஆயினும் மீட்பு மென்பொருள் மறுத்துவிடும். விண்டோஸ் சர்வரின் சொந்த மீட்பு வசதி, பழைய டிஸ்க்கின் அளவுக்குக் குறையாத டிஸ்க் வேண்டும் என்று கேட்கும். பலரும் பயன்படுத்தும் குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருளும் இயல்பாக அவ்வாறே கேட்கும். காரணம் இது: ஒரு டிஸ்க் என்பது வரப்புக் கட்டிய நிலத்தைப் போன்றது. எந்தப் பாத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கு அதன் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. புதிய வகை அமைப்பில் அதன் நகல் ஒன்று கடைக்கோடியிலும் இருக்கும். நெல் ஒரு மூலையில் மட்டும் விளைந்திருந்தாலும் வரப்பு ஆயிரம் குழி வரை ஓடுகிறது. அந்த வரைபடத்தை மாற்றாமல் 256 குழி நிலத்தில் விரிக்க முடியாது.

ஒரே அளவு என்று உறையில் அச்சிட்ட இரு டிஸ்க்குகள் கூட, வெவ்வேறு நிறுவனத்தார் செய்தவையானால், சிறிதளவு வேறுபடும். அந்தச் சிறு குறைவுக்காகவும் மீட்பு நின்றுபோவதுண்டு. ஆகையால் "அதே அளவு டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறோம்" என்ற விடை போதுமானதன்று.

பழைய சர்வர் உயிரோடிருக்கும்போதே வரப்பைச் சுருக்கி விடுவது எளிய வழி. நிரம்பிய இடத்திற்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு, நூற்றைம்பது ஜிகாபைட் என்ற அளவுக்குப் பாத்தியைக் குறைத்துவிட்டுப் பிறகு பிரதி எடுக்கலாம். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. லினக்ஸில் எக்ஸ்ட்-4 என்ற கோப்பு அமைப்பைச் சுருக்கலாம். எக்ஸ்.எஃப்.எஸ். என்ற அமைப்பை விரிக்கலாமேயன்றி நடைமுறையில் சுருக்க இயலாது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். அமைப்பைச் சுருக்கலாம் என்றாலும், இடம் பெயராத சில கோப்புக்கள் நடுவில் அமர்ந்து வழியை மறிக்கும். எனவே சர்வரை முதன்முதல் அமைக்கும்போதே பாத்திகளைத் தேவைக்கு அளவாக வகுத்து, மிச்சத்தைத் தரிசாக விட்டுவைப்பது விவேகம். வேண்டும்போது விரித்துக்கொள்ளலாம். டிஸ்க் முழுவதையும் ஒரே பாத்தியாக்குவது, பின்னால் சுமை இறக்க வருபவருக்குச் சங்கடம் வைப்பதாகும்.

பழைய சர்வர் இறந்துவிட்டது, கையில் இருப்பது பெரிய இமேஜ் மட்டுமே என்றால் என்ன செய்வது? அப்போதும் வழி உண்டு. பிரதியை நேராகச் சிறிய டிஸ்க்கில் இறக்க முயலாமல், இரவல் வாங்கிய பெரிய வெளி டிஸ்க் ஒன்றில் முதலில் இறக்க வேண்டும். அங்கே பாத்தியைச் சுருக்கி, பின்னர் சிறிய டிஸ்க்குக்கு மாற்றலாம். சுருங்காத வகையானால், சிறிய டிஸ்க்கில் புதிய வரப்புக்கள் கட்டி, கோப்புக்களை ஒவ்வொன்றாக நகல் செய்து, இயக்கத்தைத் தொடங்கி வைக்கும் பகுதியை மட்டும் புதிதாக நிறுவலாம். லினக்ஸ் சர்வர்களுக்கு 'ரிலாக்ஸ் அண்ட் ரிகவர்' என்ற இலவசக் கருவி உண்டு. அது வேறுபட்ட டிஸ்க்கைக் கண்டால் பழைய பாத்திகளைப் புதிய நிலத்திற்கேற்ப வகுத்துக்கொள்ள உதவும். இடைத்தங்கலாகப் பெரிய டிஸ்க் ஒன்று வேண்டும் என்பதை அறியாத காரணத்தால் ஒரு நாள் முழுதும் வீணாவது சாதாரணம்.

கணக்கு வைக்கும் தரவுத்தள மென்பொருளிலும் இதே கண்ணி உண்டு. மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற மென்பொருளில் தரவுக் கோப்பு இருநூறு ஜிகாபைட் என்று வளர்ந்து, உள்ளே இருபது மட்டும் நிரம்பியிருந்தாலும், பிரதி சிறியதாகவே காணப்படும். மீட்கும்போது முழு இருநூறும் இடம் கேட்கும். பிரதியின் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேலும், புதிய பதிப்பில் எடுத்த பிரதி பழைய பதிப்பில் இறங்காது. விலையில்லாமல் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்போ, 2022-ஆம் ஆண்டு வெளியீடு வரையில் ஒரு தரவுத்தளத்திற்கு 10 ஜிகாபைட் என்ற வரம்புக்கு உட்பட்டது.

இவ்வளவும் கடந்து டிஸ்க்கில் ஏற்றிய பின்னரும் கணினி எழுந்திராமல் இருக்கலாம். இயங்குதளம் கண் விழித்ததும் முதலில் தன் டிஸ்க்கைத் தேடுகிறது. பழைய சர்வரின் டிஸ்க் கட்டுப்பாட்டுச் சாதனம் வேறு, இதனுடையது வேறு. அதற்குரிய இயக்கி மென்பொருள் உள்ளே இல்லாவிட்டால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். லினக்ஸில் சில வகைகள், இருக்கும் சாதனங்களுக்கு உரிய இயக்கிகளை மட்டுமே தொடக்கக் கோப்பில் சேர்க்கும் இயல்புடையவை. அவையும் இவ்வாறே திகைத்து நிற்கும். மீட்பு வட்டிலிருந்து கணினியைத் தொடங்கி அந்தக் கோப்பை மறுபடி உருவாக்கினால் போதும். பழைய கணினி 'பயாஸ்' முறையிலும் புதியது 'யு.ஈ.எஃப்.ஐ.' முறையிலும் தொடங்குவதாக இருந்தாலும் தொடக்கப் பகுதியைத் திருத்தியே ஆக வேண்டும். வலைப்பின்னல் அட்டை மாறுவதால் அதன் பெயரும் முகவரியும் மாறி, மற்ற மேஜைகளின் கணினிகள் சர்வரைக் காணாமல் தவிக்கும். அச்சம் கொள்ளத் தக்கது எதுவும் இதில் இல்லை. முன்னரே தெரிந்திருந்தால் சில மணி நேர வேலை.

நினைவகக் குறைவு தரும் தொல்லை வேறு வகை. அறுபத்து நான்கு ஜிகாபைட் நினைவகமுள்ள சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குக் கால் பங்கு, அதாவது பதினாறு ஜிகாபைட், ஒதுக்கி வைப்பது வழக்கம். பிரதியோடு அந்தக் குறிப்பும் வந்து சேரும். எட்டு ஜிகாபைட் கணினியில் அது பதினாறு கேட்டு, கிடைக்காமல், தொடங்கவே மறுக்கும். பிரதி கெட்டுவிட்டது என்று எண்ணிக் கைவிடாமல், அமைப்புக் கோப்பில் அந்த ஒரு எண்ணை இரண்டு என்று குறைத்தால் ஓடத் தொடங்கும். மெதுவாகத்தான் ஓடும், அறிக்கை ஒன்று அச்சாக அதிக நேரம் பிடிக்கும். தற்காலிக ஏற்பாட்டுக்கு அது போதும்.

நம் மொழிக்கே உரிய தொல்லை ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழக அரசு 1999-இல் டாப், டாம் என்ற எழுத்துக் குறியீடுகளைத் தரமாக ஏற்றது; 2010-இல் யூனிக்கோடு முறைக்கு மாறியது. இடைக்காலத்தில் எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்களில் அங்கத்தினர் பெயர்கள் பழைய குறியீட்டிலேயே கிடப்பதுண்டு. அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லையேல் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும். எழுத்துருவை நிறுவினால் இது சரியாகிவிடும். ஆனால் டம்ப் எடுக்கும்போதோ இறக்கும்போதோ குறியீட்டைத் தவறாகக் குறிப்பிட்டு, பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகப் பதிவாகிவிட்டால், அந்தப் பிரதியிலிருந்து அவற்றை மீட்க வழியே இல்லை. தொகைகள் சரியாக இருக்கும், யாருக்குரியவை என்பது மட்டும் தெரியாது. ஆகவே மீட்டவுடன் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அங்கத்தினர் பெயர்ப் பட்டியலை.

அடுத்துப் பார்க்க வேண்டியவை தொகைகள். கணினி எழுந்துவிட்டது, திரை தோன்றிவிட்டது என்பது மீட்பு நிறைவேறியதற்கு அடையாளம் ஆகாது. ஒவ்வொரு நாளும் மாலையில் கணக்கு முடிக்கும்போது ஒரு தாளில் ஐந்து எண்களை அச்சிட்டுக் கையொப்பமிட்டு வைக்கலாம். அங்கத்தினர் எண்ணிக்கை, பங்குத் தொகை மொத்தம், வைப்புத் தொகை மொத்தம், நிலுவைக் கடன் மொத்தம், அன்றைய கடைசி வவுச்சர் எண் ஆகியவை அவை. நெசவாளர் சங்கமானால் கையிருப்பு நூலின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீட்ட கணினியில் அதே ஐந்து எண்களை எடுத்து ஒப்பிட்டால் எந்த நாள் வரையிலான கணக்கு திரும்பியிருக்கிறது என்பது ஐயமின்றித் தெரியும். அதற்குப் பிந்திய வவுச்சர்களைக் காகிதத்திலிருந்து மறுபடி பதிய வேண்டும். காகித வவுச்சர்களைக் கணினி வந்ததென்று கைவிட்ட சங்கங்கள் இந்த இடத்தில்தான் விழிக்கும்.

இடம் போதாதபோது எதை விட்டுவரலாம்? பழைய நடப்புக் குறிப்புக் கோப்புக்கள், பரிசோதனைக்காக எடுத்த நகல்கள், சர்வருக்குள்ளேயே கிடக்கும் பழைய பிரதிகள் ஆகியவற்றைத் தாராளமாக விடலாம். தரவுத்தளத்தின் உள்நடவடிக்கைக் கோப்புக்களும் 'லாக்' என்றே பெயர் பெற்றவை. அவற்றைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் தரவுத்தளம் திறவாது.

இவை சிறிய அலுவலகங்களின் குறைபாடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மென்பொருள் எழுதுவோர் உலகெங்கும் பயன்படுத்தும் கிட்லேப் என்ற நிறுவனத்தில், 2017 ஜனவரி 31-ஆம் நாள் இரவு, பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் இருந்தபடியே சுமார் 300 ஜிகாபைட் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்பு முறைகள் பல இருந்தன. அன்றாட டம்ப் பல நாட்களாக எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. டம்ப் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமல் அது தோல்வியுற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக, சோதனைக்கென வைத்திருந்த சர்வரில் எடுத்த நகல் ஒன்றே கைகொடுத்தது. அந்தச் சர்வரின் டிஸ்க் மெதுவானது. ஆதலால் நகலைத் திருப்பி எடுத்து வரவே சுமார் பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான். அந்நிறுவனம் இவற்றையெல்லாம் ஒளிக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது.

பிரதியே இல்லாதவர்களின் கதை வேறு. தென்கொரியாவில் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் கோப்புக்களை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகம் அதில் அழிந்தது. அளவு மிகப் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளியில் பிரதி வைக்கப்படவில்லை.

"எங்கள் கணக்கு வெளியிலுள்ள பொதுச் சர்வரில் இருக்கிறது, எங்களுக்கு இது எதற்கு?" என்று கடன் சங்கத்தார் கேட்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை இசைவளித்தது. அப்போது வகுத்த திட்டம் 63,000 சங்கங்களுக்கு 2,516 கோடி ரூபாய். அதன் கீழ் வரும் சங்கங்கள் பொது மென்பொருளில் இணைகின்றன. அது நல்ல ஏற்பாடே. ஆயினும் 2024 ஜூலை இறுதியில் நடந்ததையும் மறக்கலாகாது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை செய்யும் சி-எட்ஜ் நிறுவனத்தின் சில சர்வர்களைப் பணம் பறிக்கும் தீநிரல் தாக்கியது. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் ஜூலை 31 அன்று அந்நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. ஏறத்தாழ முந்நூறு சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் எடுக்கவும் அனுப்பவும் இயலாமல் நின்றனர். மறுநாள் இணைப்பு மீண்டது. பொதுச் சர்வரை நம்பும் சங்கமும் அன்றாட நிலுவைப் பட்டியலைத் தன் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால், இத்தகைய நாளில் அங்கத்தினருக்கு நிலுவையையாவது சொல்ல முடியும். திட்டம் கடன் சங்கங்களுக்கானது. தம் சர்வரைத் தாமே வைத்து நடத்தும் நெசவாளர் சங்கங்களுக்கு முழுப் பொறுப்பும் தம்முடையதே.

விதைநெல்லை நாம் கோட்டையில் கட்டி வைத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. நூறு மணியை ஈரச் சாக்கில் வைத்து, எண்பதாவது முளைக்கிறதா என்று பார்த்த பிறகே நாற்றங்காலுக்கு எடுக்கிறோம். அரசின் விதைச் சான்றுத் தரமும் நெல்லுக்கு எண்பது விழுக்காடுதான். காப்புப் பிரதிக்கும் முளைப்புச் சோதனை வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்தில், அவசர காலத்தில் உண்மையில் கிடைக்கக்கூடிய அதே சிறிய கணினியில் ஒருமுறை முழுவதும் மீட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை முடியும் வரை சிறிய கணினியை அலுவலக வலைப்பின்னலில் இணைக்கலாகாது. இணைத்தால் ஒரே பெயரில் இரு சர்வர்கள் தோன்றி, ஒருவர் கட்டிய பணம் ஒன்றிலும் மற்றவர் கட்டியது மற்றதிலும் பதிவாகும்.

சோதனைக்கு எத்தனை மணி நேரம் பிடித்தது, எந்தத் தேதிவரையிலான கணக்கு திரும்பியது, ஐந்து எண்களும் ஒத்தனவா என்ற மூன்றையும் நிர்வாகக் குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுத வேண்டும். மகாசபையில் அங்கத்தினர் கேட்க வேண்டியதும் அந்தப் பக்கத்தைத்தான். பிரதிகளில் ஒன்று சர்வரோடு எப்போதும் இணைந்திராமல் தனியே கழற்றி வைக்கப்பட வேண்டும்; தீநிரல் வந்தால் இணைந்திருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இன்னொன்று ஊரின் மேட்டுப்பகுதியிலோ, வெளியூரிலோ இருப்பது நல்லது. வெளியே செல்லும் பிரதியைக் கடவுச்சொல்லால் பூட்டித்தான் அனுப்ப வேண்டும், ஏனெனில் அதில் அங்கத்தினரின் ஆதார் எண்ணும் நகைக்கடன் விவரமும் உள்ளன. அந்தக் கடவுச்சொல்லை ஒருவர் நினைவில் மட்டும் விட்டுவைக்காமல், தாளில் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, தலைவரும் காரியதரிசியும் உறையின் மேல் கையொப்பமிட்டு, இரும்புப் பெட்டியில் பத்திரங்களோடு வைக்கலாம். மீட்புச் சோதனையன்று அந்த உறையைப் பிரித்து, அதிலுள்ள சொல்லைக் கொண்டே பூட்டைத் திறந்து பார்த்து, புதிய உறையிலிட்டு மறுபடியும் வைக்க வேண்டும்.